மணலுக்கு ஒரு ஜோடி துடுப்பு டயர்

1

இந்த நவம்பரில் என் மகன் அல்போன்ஸ் இறந்து ஒரு வருடம் நிறைந்தது. அதை முன்னிட்டு நான் ஒரு ஜோடி டயர் வாங்கினேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு பத்தி அச்சில் விட்டுப்போயிற்றோ என்று தோன்றும். அந்தப் பத்தியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் தெற்குக் கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அமெரிக்கா என்றதும் உங்கள் மனதில் வரும் உயரமான கட்டிடம் எதுவும் இங்கே கிடையாது. வாய்க்கால் தண்ணீரில் கீரை விளையும் வயல்கள் இருக்கின்றன. அவை முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. மெரினா மணலைப் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். மலை மலையாக, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டுகிறவரை மணல். கடல் மட்டும் இல்லை. முதல் முறை பார்த்தபோது, கடலை யாரோ இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

குளிர்காலம் வந்ததும் பெரிய நகரங்களிலிருந்து சனங்கள் இங்கே கூடாரம் போட வருவார்கள். கூடவே மணல் வண்டிகளும் வரும். எந்தத் தரையிலும் ஓடும் வண்டி என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி ஏ.டி.வி. என்கிறார்கள். அல்போன்ஸிடம் இருந்தது மூன்று சக்கர வண்டி. மோட்டார் சைக்கிளுக்கும் ரிக்‌ஷாவுக்கும் பிறந்ததுபோல இருக்கும். பலூன் மாதிரி உப்பிய டயர்கள்.

மணல் மேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. காற்று வருகிற பக்கம் சாய்வாக ஏறும். மறுபக்கம் சுவர்போல விழும். சாதாரண பலூன் டயரில் ஏற வேண்டுமென்றால் கீழிருந்தே வேகம் பிடிக்க வேண்டும். நடுவில் வேகம் குறைந்தால் சக்கரம் புதையும். அதனால் உச்சிக்குப் போகும்போதும் வேகத்தோடுதான் போகிறார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்க வழியில்லை. அல்போன்ஸும் பார்க்கவில்லை. உச்சியைத் தாண்டிக் காற்றில் போய் விழுந்தான். வண்டி அவன்மேல் விழுந்தது.

போலீஸ் அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'வேகம்' என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் அரசாங்கக் காகிதங்களைப் படித்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக எவரும் எதையும் மறைத்து நான் பார்த்ததில்லை.

2

நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் மெர்சி நர்ஸ். ராயபுரத்துப் பெண். இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அவள் வந்தாள். அவள் பின்னால் அல்போன்ஸும் சின்னப் பெண்ணாக இருந்த ஸ்டெல்லாவும் வந்தார்கள். என் மனைவி இறந்து, நானும் அரசாங்கப் பண்டகசாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னையும் அழைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை, ரிசர்வ் வங்கியின் அனுமதிப் படிவம் என்று எல்லாவற்றையும் ஒரே முறையில், திருப்பி அனுப்பப்படாமல் முடித்த ஆள் அந்த வருடத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இங்கேயும் ஒவ்வொரு ஜனவரியிலும் வெளிநாட்டான், தான் இன்னும் அதே முகவரியில்தான் இருக்கிறான் என்று தபால் ஆபீசில் ஓர் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நாளே போய்க் கொடுத்துவிடுவேன். அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட அட்டைகள் பலவற்றைப் படிக்காமல் அடுக்கியவன்.

அல்போன்ஸ் இறந்ததைப் பதிவு செய்யப் போனபோது, "மை சன் எக்ஸ்பையர்ட்" என்றேன். நம் ஊரில் அப்படித்தானே மரியாதையாகச் சொல்வோம். கவுண்டரில் இருந்த பெண், காலாவதியானது லைசென்ஸா இன்ஷூரன்ஸா என்று அன்பாகக் கேட்டாள்.

அவனை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். தோட்டம் என்றால் உண்மையிலேயே தோட்டம். புல்வெளி. கல்லறைக் கல் தரையோடு தரையாகப் பதிந்திருக்க வேண்டும், புல் வெட்டும் இயந்திரம் மேலே ஓட வேண்டுமாம். வாசலில் விதிப் பலகை. வியாழக்கிழமை பூக்கள் அகற்றப்படும். செடி நடக்கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது.

நம் பக்கத்தில் கல்லறைத் திருநாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தியைக் கொட்டி, மெழுகுவர்த்தி ஏற்றினால் அந்த இடமே திருவிழா மாதிரி ஆகிவிடும். இடமும் இருக்காது. எங்கள் குடும்பக் குழியில் அப்பாவுக்கு மேல் அம்மா, அம்மாவுக்கு மேல் என் மனைவி. அடுத்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்தக் குழியும் கிடையாது. அவர்கள் வீட்டார் கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போய், கொட்டாங்கச்சியில் மெழுகுவர்த்தி வைத்து மிதக்கவிட்டு வருவார்கள். இறந்த இடத்தில் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பது கணக்கு.

இதை அல்போன்ஸ் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. ஒரு வருட நினைவுப் பூசை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா சொன்னாள்:

"சிமெட்ரில கேண்டில் கூடாது. ஓகே. கடல்ல செத்தா கடல்ல போய் வெப்பாங்கன்னு அப்பா சொல்லிருக்காரு. அப்ப மணல்ல செத்தா மணல்லதான வெக்கணும், தாத்தா?"

மெர்சி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் போய் வெக்கறேன். அப்பா வண்டியில."

3

அப்பா வண்டி கேரேஜில் இருந்தது. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்தபோது முன்பக்கம் வளைந்து கிடந்தது. அதை விற்கவோ தூக்கிப் போடவோ மெர்சிக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தாள். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் மெக்கானிக் பாடம் படித்தவள். போர்வைக்கு அடியில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிமிர்த்திவிட்டாள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு வயது பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த நாட்டில் அதற்குமேல் தாய் தகப்பன் கையெழுத்துக்கு எந்த இடத்திலும் கட்டம் கிடையாது.

மறுநாள் மெர்சி வேலைக்குக் கிளம்பும் முன் என் அறைக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை, கையில் கார் சாவி.

"மாமா, நான் வாணாம்னு சொன்னா அவ நிச்சயமாப் போவா. அவங்க அப்பன் பொண்ணு. நீங்க ஆபீஸ்ல செய்வீங்களே, அத்தச் செய்யுங்க."

"இன்னாத்த?"

"ஆமான்னும் சொல்லாம, இல்லன்னும் சொல்லாம இழுப்பீங்களே. அத்தத்தான்."

பண்டகசாலை அதிகாரியாக என்னைப் பற்றி இதைவிடச் சரியான சான்றிதழ் யாரும் தந்ததில்லை.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு தேவைகள். வண்டி இறந்தவன் பெயரில் இருந்தது. அதை மாற்ற வேண்டும். பிறகு பின்சக்கரங்களுக்குத் துடுப்பு டயர் வேண்டும். துடுப்பு டயர் என்றால், வழவழப்பான டயரின்மேல் ரப்பர் வரப்புகளைக் குறுக்கே ஒட்டியிருப்பார்கள். நீராவிப் படகின் சக்கரம்போல இருக்கும். அது மணலைத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவதுபோலப் பின்னால் தள்ளும். இரண்டு வேலையையும் நானே பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அனுபவம் உள்ளவர்கள் எந்தக் கோப்பையும் மறுக்க மாட்டார்கள். விளக்கம் கேட்பார்கள். வாகன அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினேன். பிறகு, அசலும் தேவையா என்று கேட்டு ஒரு கடிதம். வாரிசு இருவரா ஒருவரா, இருவரானால் இருவரும் ஒப்பமிட வேண்டுமா என்று இன்னொன்று. டயருக்கு மூன்று கடைகளிலிருந்து விலைப்பட்டியல் கேட்டேன். வந்ததும், துடுப்பின் உயரம் எப்படி அளக்கப்பட்டது என்று மூவரையும் கேட்டேன். ஒருவன் பதில் எழுதவே இல்லை. அவனுக்காகக் காத்திருப்பதாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

மெர்சி இரவு சாப்பாட்டின்போது, "இன்னா மாமா, பேப்பரு இன்னும் வரலியா?" என்று கேட்பாள். "வந்துகினு கீது" என்பேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். வீட்டில் அந்தச் சில வாரங்கள் ஓரளவு அமைதியாக இருந்தன.

4

டயர் எனக்குப் புதிதல்ல. மணலுக்கு டயர் என்பதும் புதிதல்ல.

அறுபதுகளில் நான் இருந்த அலுவலகம் எது என்று சொல்லப்போவதில்லை. அதில் ஓய்வூதியம் வாங்குகிறேன். அப்போது துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து வருகிற மணலைத் துறைமுகத்துக் கல்லணை பிடித்து வைத்துக்கொள்ள, மெரினா அகலமாயிற்று. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை கரை குறைந்துகொண்டே வந்தது. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு குப்பத்தின் முன்வரிசை வீடுகளைக் காப்பாற்ற அங்கே பாறாங்கற்களைப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. சாலைக்கும் அந்த வீடுகளுக்கும் நடுவில் நல்ல அகலமான உதிரி மணல். கல் ஏற்றிய லாரி அதில் இறங்கினால் ஏறாது. மணலில் ஓடும் டயர் வேண்டும் என்று கோப்பு கிளம்பிற்று.

டயர் வகையில் எங்களுக்கு வழக்கமாகப் பொருள் தருபவர்களில் ஒருவர் காதர் பாய். தண்டையார்பேட்டையில் பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் பட்டறை வைத்திருந்தார். எந்தப் பொருளைக் கேட்டாலும் அது தன்னிடம் இருப்பதாகச் சொல்கிற மனிதர்.

"மணலுக்கா சார்? டிராக்டரு டயரு கீது. பட்டை ஒவ்வொண்ணும் இம்மாம் ஒசரம். நாயி மாதிரி கவ்வும்."

"விவரக்குறிப்பு வேண்டும், பாய்."

"நீங்க எழுதிக் குடுங்க, நான் அத்தையே திருப்பிக் குடுக்கறேன்."

விவரக்குறிப்பு எழுத வேண்டியவர் எங்கள் பொறியாளர். மணலுக்கான டயர் என்று முன்னுதாரணம் எதுவும் அலுவலகத்தில் இல்லை. முன்னுதாரணம் இல்லாததை வாங்க முடியாது. எனவே வேறொரு இலாகா வயலில் உழுவதற்கு வாங்கிய டிராக்டர் டயரின் குறிப்பை அப்படியே எடுத்து, 'வயல்' என்ற இடத்தில் 'மணல்' என்று போட்டார்கள். ஒப்பந்தப்புள்ளி கேட்டு, பிரித்து, குறைந்த விலையைத் தேர்ந்து, நிதிப் பிரிவின் சம்மதம் பெற்று, டயர் வந்து சேர்ந்தபோது ஒரு மழைக்காலம் போய் அடுத்தது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குறைந்த விலை காதர் பாயுடையது அல்ல. அதனால் அவர் சிரித்த முகத்தோடு வேடிக்கை பார்க்க வந்தார்.

"சார், நீங்க கையெழுத்து போட்டு முடிக்கறதுக்குள்ள கடலு போட்டுட்டுப் போயிடும் போலகீதே."

லாரி சாலையிலிருந்து மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போயிற்று. டிரைவர் அழுத்தினார். சேற்றைக் கவ்வ வேண்டிய பட்டைகள் உதிரி மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. பாரம் ஏறிய லாரி நின்ற இடத்திலேயே கீழே போயிற்று, அச்சு மணலில் உட்காருகிறவரை. குப்பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அதில் ஒரு மீன்காரம்மா, இடுப்பில் கூடையோடு, பொறியாளரைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னா நைனா, கல்லு போட வந்தியா, கெணறு வெட்ட வந்தியா? வெட்றதுதான் வெட்ற, நல்ல தண்ணி வர்ற எடமாப் பாத்து வெட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். வேறு என்ன செய்வார். கற்களை லாரி நின்ற இடத்திலேயே கொட்டினார்கள். அந்த மழைக்காலத்தில் கடல் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து முன்வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டது. அந்த அம்மாவின் வீடும் அதில் ஒன்று. பிறகு அவளை நான் சாலையோரம் ஓலைத் தடுப்புக்குள் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு சொன்னதுபோல ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

தணிக்கை வந்தது. ஓர் ஆட்சேபணையும் இல்லை. எல்லாக் கையெழுத்தும் உரிய இடத்தில் இருந்தன.

அல்போன்ஸ் அப்போது திருவொற்றியூரில் ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளி. லாரி புதைந்த கதையை ஊரே பேசியதால் அவனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதன் ஒருவனின் பழைய மோட்டார் சைக்கிளில், டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, எண்ணூர்க் கரை மணலில் ஓட்டுவான். அவன் அம்மா திட்டுவாள். நான் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

5

நினைவு நாள் நெருங்கிய ஒரு மாலை ஸ்டெல்லா என்னைக் கேரேஜுக்குக் கூப்பிட்டாள். போர்வை இல்லை. வண்டி துடைத்து நின்றது.

"தாத்தா, நான் அந்த ஆபீசுக்குப் போன் பண்ணேன். நீங்க என்ன கேக்கறீங்கன்னு அவங்களுக்கே புரியல. பேரு மாத்தறது ஒரு நாள் வேலையாம்."

"முறைப்படி..."

"அம்மா சொல்லித்தான லேட் பண்றீங்க?"

பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை அப்படியே எடுத்துத் தமிழில் போட்டுப் பேசுவாள். 'அப்பா கடந்து போனார்' என்பாள், சாலையைக் கடந்ததுபோல. நான் திருத்துவேன். அன்று அவள் பேசியதில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

"துடுப்பு டயர் இருந்தா மெதுவா ஏறலாம். உச்சிக்குக் கீழ நிக்கலாம். அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு இறங்கலாம். அது இல்லன்னா அப்பா மாதிரி வேகமாத்தான் போகணும். நான் போகத்தான் போறேன் தாத்தா. எதுலன்னு நீங்க சொல்லுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மெர்சியிடம் சொன்னேன். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வாங்கிக் குடுக்கப் போறீங்க."

"நல்லதா வாங்கிக் குடுக்கப் போறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நல்லது வாணாம் மாமா. ஏறாததா வாங்குங்க. கீழயே மாட்டிக்கினு நிக்கட்டும். அழுதுட்டுத் திரும்பி வரட்டும். வருவா இல்ல?"

டயர்க் கடை வாய்க்கால் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ராய் என்பவர் நடத்துகிறார். பெரிய தொப்பை, பெரிய குரல். தேய்ந்த டயர்களைச் சுரண்டி, மேலே ரப்பர் வரப்புகளை வைத்து, சூடேற்றி ஒட்டுகிறார். காதர் பாய் பட்டறையின் அதே நாற்றம். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் ஓட்டப்போவதில்லை என்றேன். அதற்கு அவர் கொஞ்சம் வருத்தப்பட்டதுபோல இருந்தது.

முதலில் அவர் எடுத்துக் காட்டியது உயரமான துடுப்புகள் உள்ள ஜோடி. "இதைப் போட்டால் ராக்கெட்" என்றார். கையால் தூக்கிப் பார்த்தேன், கனம். அவ்வளவு கனத்தைச் சுழற்றும் பலம் அந்தச் சின்ன எஞ்சினுக்குக் கிடையாது. பலம் இருந்தாலும் ஆபத்துதான்: செங்குத்தில் பின்சக்கரம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டால், மூன்று சக்கர வண்டியின் முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாந்துவிடும். அதை ஒதுக்கினேன்.

மூலையில் இன்னொரு ஜோடி கிடந்தது. யாரோ திருப்பிக் கொடுத்தது. துடுப்புகள் தேய்ந்து விரல் கனம்தான் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய இடைவெளி. சமதரையில் ஓடும். சரிவில் பாதி போனதும் சறுக்கும். விலையும் குறைவு. மெர்சி கேட்ட டயர் அதுதான். எனக்குப் பழகிய விதிப்படியும் அதுதான் தேர்வாக வேண்டும்.

அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். இதில் ஏற முடியாதபோது ஸ்டெல்லா என்ன செய்வாள் என்று யோசித்தேன். அழுதுகொண்டு திரும்புகிற பெண்ணா அவள். வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். தூரம் எடுப்பாள். பிறகு முழு வேகத்தில் வருவாள்.

"முடிவு செய்துவிட்டீர்களா?" என்றார் ராய்.

மூன்றாவதாக ஒன்று கேட்டேன். நடுத்தர உயரம். துடுப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு துடுப்பு விடும்போது அடுத்தது பிடித்து, இழுப்பு அறுபடாமல் வரும். நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் சற்று மடங்கி இருந்தால் பக்கவாட்டில் வழுக்காது. அடி ரப்பர் மெலிதாக, இலேசாக இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்குத் துடுப்பு வேண்டாம். வழவழப்பான டயரில் நடுவில் ஒரே ஒரு வரப்பு, திருப்புவதற்கு. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ராய் படித்துவிட்டு, நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்களா என்று கேட்டார். அதைவிட மோசம் என்றேன்.

எழுதிய உத்தரவாதம் கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "மணலுக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள், ஐயா" என்றார்.

வாழ்க்கையில் நான் எழுதிய விவரக்குறிப்புகளில் பொருளுக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

6

நினைவுப் பூசையை மெக்சிகோக்காரப் பாதிரியார் வைத்தார். ஸ்பானிய மொழியில் பிரார்த்தனை. என் மகன் பெயர் 'அல்ஃபோன்சோ' ஆயிற்று. மெர்சி முழங்காலில் இருந்து எழவில்லை. பூசை முடிந்து ஆள்கள் போனபிறகும்.

பிறகு மணலுக்குப் போனோம். வண்டியை ஒரு சிறிய இழுவையில் வைத்துக் காரின் பின்னால் கட்டியிருந்தோம். மேடுகளுக்கு முன்னால் கொஞ்சம் கெட்டித் தரை, கூடாரங்கள் அங்கேதான். வண்டியை இறக்கியதுமே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த வண்டியைத் தெரியும். யாரும் உரக்கப் பேசவில்லை. தாடி வைத்த ஒருவன் ஸ்டெல்லாவிடம், "உன் அப்பா எனக்குக் கார்பரேட்டர் சரிசெய்து கொடுத்தார்" என்றான். இன்னொருத்தி அவளுடைய தலைக்கவசத்தின் பட்டையைச் சரிபார்த்தாள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். துடுப்பின் குழிந்த பக்கம் சரியான திசையில் இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். இருந்தது.

மெர்சி மணலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரில் சாய்ந்து நின்றாள்.

"தாத்தா, போயிட்டு வரேன். அம்மா, போயிட்டு வரேன்."

"போறேன்னு சொல்லாம வரேன்னு சொல்றாளே, அதுவரைக்கும் நெனவு வெச்சிகினு கீறா" என்றாள் மெர்சி, காரைப் பார்த்து.

ஸ்டெல்லா முன்னால் போக, அந்தக் கூட்டத்தினர் தங்கள் வண்டிகளில் பின்னால் வரிசையாகப் போனார்கள். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொரு வண்டியிலும் நீண்ட கம்பியில் ஒரு சிவப்புக் கொடி. பெரிய மேட்டின் அடியில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் ஏறினாள். மெதுவாக. அவ்வளவு மெதுவாக ஒரு வண்டி அந்தச் சரிவில் ஏறி நான் பார்த்ததில்லை. எஞ்சின் சீரான குரலில் முனகியது. சக்கரங்களுக்குப் பின்னால் மணல் சின்னச் சின்னதாகத் தெறித்தது. ஒரு முறைகூடச் சறுக்கவில்லை.

"எங்க கீறா?" என்று மெர்சி கேட்டாள், திரும்பாமல்.

"ஏறிக்கினு கீறா."

"இப்ப?"

"உச்சிக்குக் கீழ நின்னுட்டா. எட்டிப் பாக்கறா."

"இப்ப?"

"அந்தப் பக்கம் இறங்கறா."

கொடி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. எஞ்சின் சத்தத்தையும் மேடு மறைத்துக்கொண்டது. மெர்சியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபமாலை கையில் இல்லை, விரல்களில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொடி திரும்பத் தெரிந்தது. ஸ்டெல்லா கீழே வந்து, எஞ்சினை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினாள். கையில் மெழுகுவர்த்தி அப்படியே இருந்தது. திரி வெள்ளையாக இருந்தது.

"அந்த இடம் இல்ல தாத்தா. மணல் நகந்துபோச்சு. போலீஸ் படத்துல இருந்த மாதிரி எதுவும் இல்ல. காத்துல கேண்டிலும் நிக்கல."

மெர்சி இப்போது திரும்பி, மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு நர்ஸ் பார்ப்பதுபோலக் கண், மூக்கு, பல் என்று பார்த்தாள். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் தேர்ந்தெடுத்த பொருள் சொன்ன வேலையைச் செய்திருந்தது.

"அடுத்த சனிக்கிழமை காலைல காத்து இருக்காதாம்" என்றாள் ஸ்டெல்லா, அம்மாவின் தோளுக்கு மேலாக. "அவங்க கூட்டிப் போறேன்னு சொன்னாங்க."

7

அடுத்த சனிக்கிழமை போனாள். காற்று இருந்ததாம். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். மூன்றாவது முறை, அவள் கிளம்பிப் போனபின் நான் கேரேஜுக்குள் போனேன். மெழுகுவர்த்தி அலமாரியில் ஸ்பேனர்களுக்கு நடுவில் இருந்தது. அவள் அதை மறந்துவிட்டுப் போனாளா, வேண்டாம் என்று விட்டுப்போனாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு அங்கே ஆள்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் அவர்களோடு பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பாதி புரிவதில்லை. எந்த மேடு புதிதாக எழும்பியிருக்கிறது, எது சரிந்திருக்கிறது என்று பேசுகிறார்கள். ஞாயிறு பூசைக்கு வருகிறாள். காது மடலில் மணல் இருக்கும். என்னிடம் ஒரு நாள், "தாத்தா, உங்க டயர் மாதிரி வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். அவள் வேகமாகப் போவதில்லை என்கிறாள். நான் நம்புகிறேன். வேகமாகப் போகாதவர்களுக்கு மணலில் என்னென்ன நேரும் என்பதையும் விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

மெர்சி என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாப்பாடு போடுகிறாள், மாத்திரையை நினைவுபடுத்துகிறாள். பேப்பர் வந்ததா, கடிதம் வந்ததா என்று எதையும் மட்டும் கேட்பதில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை அவள் சீருடைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்தேன். சனிக்கிழமை அவளுக்கு எப்போதும் விடுமுறை.

"நாளைக்கு டியூட்டியா?" என்றேன்.

"இனிமே சனிக்கெழம எல்லாம் டியூட்டிதான் மாமா. அவசரப் பிரிவுல."

"ஆள் இல்லன்னு கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நானாக் கேட்டு மாத்திக்கினேன்."

காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். நீராவி எழுந்தது.

"மணல்லருந்து கொண்டாந்தா மொதல்ல சட்டைய கத்தரியால வெட்டுவோம், மாமா. கழட்டறதுக்கு நேரம் இருக்காது. அவரக் கொண்டாந்த அன்னிக்கு நான் லீவுல இருந்தேன். யாரோ ஒருத்தி அவரு சட்டைய வெட்டிருக்கா. பேரு தெரியாம, ஊரு தெரியாம, பேசிக்கூடப் பாக்காம. இவள அப்டி யாரோ தொடக்கூடாது."

சீருடையைக் கதவில் மாட்டிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை அவள் கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. சற்று நேரம் கழித்து, இழுவையைக் கட்டிக்கொண்டு ஸ்டெல்லா கிளம்பினாள். நான் வாசலில் நின்று கையசைத்தேன்.